வெயிலில் அடித்த மருந்து

திங்கட்கிழமை மதியம் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் இலைக்கட்டுகளை இறக்கிவிட்டு டெங்கிலுக்குத் திரும்பிய சீதாலெட்சுமி, வேனை விட்டு இறங்கும் முன்பே மருந்து வாசத்தை அறிந்துகொண்டாள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பதினாறு வருடம் முதுகில் பம்பைச் சுமந்து களைக்கு மருந்து அடித்தவள் அவள். அந்த வேலை போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் தொண்டையின் அடியில் அந்த வாசத்துக்கென்று ஓர் இடம் மிச்சமிருந்தது. கதவைத் திறந்ததும் அந்த இடம் எரிந்தது.

வாழைகள் நின்றுகொண்டுதான் இருந்தன. முந்நூற்றுப் பத்து வாழைகள். சாலையில் போகிறவனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் கைலியின் முனையால் கையைச் சுற்றிக்கொண்டு ஓர் இலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். எண்ணெய் பட்ட காகிதம் போல இலை திட்டுத் திட்டாக இருண்டு ஊறியிருந்தது. அழுத்தினால் பச்சைச் சாறு கசிந்தது. சில திட்டுகளின் ஓரம் அதற்குள் பழுப்பாகிவிட்டது. மூன்று மணி நேரம் ஆகியிருக்கும் என்று கணித்தாள். அவள் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது பதினொரு மணிக்கு. அவள் போகட்டும் என்று யாரோ காத்திருந்திருக்கிறார்கள்.

யாரோ என்று அவள் யோசிக்கவேயில்லை. அவளுடைய கணவனின் தம்பி சுகுமாறன்தான். பண்டமாரானில் நான்கு லோரி வைத்திருப்பவன். சாலையோரமாக நீண்டு கிடக்கும் அந்த அரசாங்க நிலத்தை அவன் லோரி நிறுத்துவதற்குக் கேட்டு மனுப் போட்டிருந்தான். நிலம் அவள் பேரில் ஒரு வருடத் தற்காலிக உரிமத்தில் இருந்தது. உரிமத்தில் ஒரே நிபந்தனை: நிலம் பயிரில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நில அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி நேரில் வந்து பார்ப்பார். பயிர் செத்துக் கிடந்தால் உரிமம் நீளாது. ஐம்பத்து நான்கு வயதில் அவளுக்கு வேறு நிலமோ வேறு தொழிலோ இல்லை.

மாலையில் கைப்பேசி அடித்தது.

"என்ன அண்ணி, தோட்டம் எப்படி இருக்கு?"

"நீதான வந்த?"

"நானா? நான் கிள்ளான்ல இருக்கேன் லா. ஏன், எலைக்கு எதுவும் சீக்கா?" பின்னால் இரண்டு பேர் சிரிப்பது கேட்டது. "வெள்ளிக்கிழமை ஆபீசர் வராரில்ல, கழுவி வைங்க அண்ணி, பச்சையாயிடும்."

அவள் கைப்பேசியை அணைத்துவிட்டாள்.

பச்சையை அமைதியின் நிறம் என்று நினைத்துக்கொள்கிறோம். இலையின் தோலுக்கு அடியில் நடப்பதைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். மேல்தோலுக்குக் கீழே நெட்டு நெட்டாக உயிரணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் பச்சைமணிகள். வெயில் விழுந்ததும் அவை வெளிச்சத்தைப் பிடித்து, அந்த வேகத்தால் வேர் அனுப்பிய தண்ணீரைப் பிளந்து, காற்றிலிருந்து வந்த கரியோடு சேர்த்துச் சர்க்கரையாக்குகின்றன. அந்தச் சர்க்கரைதான் குருத்து, அதுதான் தார், அதுதான் மண்ணுக்குள் உப்பிக்கொண்டிருக்கும் கிழங்கு. செடி வளர்கிறது என்பது இந்த உயிரணுக்கள் பகல் முழுவதும் நிற்காமல் தண்ணீரைப் பிளந்துகொண்டிருக்கின்றன என்பதன் மறுபெயர். சுகுமாறன் அடித்த மருந்து, பல வருடங்களுக்கு முன்பே தடை செய்யப்பட்டு எவனுடைய கொட்டகையிலோ எஞ்சிக் கிடந்த அந்த மருந்து, தன்னந்தனியாக இலையைக் கொல்வதில்லை. பச்சைமணி பிடித்த வெளிச்சத்தின் வேகத்தை வழியிலேயே தட்டிப் பறித்து அணுவின் சுவர்கள் மீது திருப்பிவிடுகிறது. சோறு செய்த கையே கழுத்தை நெரிக்கிறது. வெயில் எவ்வளவு கடுமையோ கொலை அவ்வளவு வேகம். இருட்டில் அதே மருந்து ஒன்றும் செய்யாமல் கிடக்கும்.

இந்த விளக்கம் சீதாலெட்சுமிக்குத் தெரியாது. ஆனால் விளைவுகளைப் பதினாறு வருடம் கையால் செய்து பார்த்தவள். போன வருடம் அவள் மகள் மலர்விழி, கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை, பள்ளிக் கண்காட்சிக்கு அம்மாவைக் கூட்டிப்போய் நுண்ணோக்கியில் ஒரு நீர்ச்செடியின் இலையைக் காட்டினாள்.

"எறும்பு மாதிரி ஓடுதே!"

"அதான்மா செல்லு. உள்ள ஓடுற பச்சைதான் செடிக்குச் சோறு ஆக்குது."

கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு அவள் கேட்டாள். "மருந்து அடிச்சா சாவுறது இதுங்கதானா?"

"ஆமாம்மா. இதுங்கதான் மொதல்ல."

அன்று வீடு வரும்வரை அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் அந்த எண்ணெய்ப்பனைத் தோட்டத்தின் கூலி வரிசை வீட்டில் பிறந்தவள். பதினேழு வயதில் மருந்துக் கூட்டத்தில் சேர்ந்தாள். கையுறை கிடையாது. பம்பு ஒழுகினால் முதுகுத் தோல் உரியும், நகம் கறுத்து விழும். இருபதில் பழக்குலை வெட்டும் தம்புசாமிக்குக் கட்டிவைத்தார்கள். அவன் சம்பள நாளில் குடிப்பான், குடித்த நாளில் அடிப்பான். ஒரு முறை பனைமட்டையின் முள் பக்கத்தால் அடித்ததில் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. பம்பின் பிடியை அழுத்த மூன்று விரல் போதும் என்று மறுநாளே வேலைக்குப் போனாள். இதை அவளுடைய மன உறுதிக்குச் சான்றாகச் சிலர் சொல்வதுண்டு. வேலைக்குப் போகாதவர்களுக்குச் சம்பளம் இல்லை என்பதும் உண்மை.

தோட்டம் வீடமைப்பு நிறுவனத்துக்குக் கைமாறிய வருடம் வரிசை வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். யாரும் நகரவில்லை. வீடுகளுக்குப் பின்னால் ஆளுக்கொரு காய்கறிப் பாத்தி இருந்தது, சம்பளம் நிறுத்தப்பட்ட பிறகும் அதை வைத்துச் சாப்பிட்டார்கள். அவற்றில் பெரியது அவளுடைய மாமியார் பவுனம்மாளுடையது. மரவள்ளி, கீரை, பாகல், கொஞ்சம் மிளகாய். ஒரு காலை மண்டோர் மருந்துக் கூட்டத்துப் பெண்களிடம் வந்து பாத்திகளுக்கு மருந்து அடிக்க வேண்டும் என்றான். மறுக்கிறவளுக்கு மாற்று வீடு கிடையாது என்றான். அந்த மேஸ்திரி சொன்னதற்கு மறுத்து ஐந்து பெண்களில் நால்வர் பம்பைக் கீழே வைத்தார்கள். சீதாலெட்சுமி வைக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள் இருந்தாள்.

அடுத்த இரண்டே நாளில் பாத்திகள் கருகின. வெட்டிவிட்டால் துளிர்க்குமென்று பவுனம்மாள் மரவள்ளியைக் கணுவரை நறுக்கிப் பார்த்தாள். துளிர்க்கவில்லை. அன்று தம்புசாமி மனைவியை அடித்தான். அப்போது இருபத்து மூன்று வயதிலிருந்த சுகுமாறனும் அண்ணியை அடித்தான், முடியைப் பிடித்து இழுத்துப் போய்க் கருகிய கீரையில் அவள் முகத்தைத் தேய்த்தான். பவுனம்மாள் மட்டும் அடிக்கவில்லை. மாற்று வீடாகக் கொடுத்த டெங்கில் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் நான்கு மாதம் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுச் செத்துப்போனாள். தம்புசாமி அதற்குப் பிறகு ஐந்து வருடம் குடித்துச் செத்தான்.

இப்போது அந்தச் சுகுமாறன் அவளிடமிருந்து கற்ற தொழிலையே அவள் மேல் காட்டியிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலைக்குள் தோட்டம் பழுப்பாகிவிட்டது. இலைகள் நரம்போடு மடிந்து தண்டின் மேல் கந்தலாகத் தொங்கின. பிரிக்பீல்ட்ஸிலிருந்து சபாபதி அழைத்தார். அவருடைய சாப்பாட்டுக் கடைக்குப் பத்து வருடமாக இவள்தான் இலை கொடுக்கிறாள்.

"அக்கா, எலை எங்க? பன்னெண்டு மணிக்கு ஆபீஸ்காரங்க வந்து உக்காந்துருவாங்க லா."

"எலை இல்ல சபா. எல்லாம் வெந்துபோச்சி."

"வெந்துபோச்சா? யாரு வேக வச்சா? நான் என்ன தட்டுலயா சோறு போடுறது? பேரே இலைக்கடை."

"கொஞ்ச நாளைக்கு மோரிப்காரன்கிட்டேருந்து எடுத்துக்க."

"அவன் எலை சுருக்கம் விழுந்த பாட்டி மாதிரி இருக்கும்கா." பிறகு அவர் குரல் இறங்கியது. "கொழுந்தன்காரனா?"

"வேற யாரு."

பள்ளி முடிந்ததும் மலர்விழி காரை எடுத்துக்கொண்டு வந்தாள். தோட்டத்தைப் பார்த்து அழுதாள். பிறகு கோபம் வந்தது.

"போலீஸ் ஸ்டேஷன் போவோம்மா. ரிப்போர்ட் போடுவோம்."

"போடு. வெள்ளிக்கிழமை போலீஸ் வந்து எலையா முளைக்கப் போறாங்க?"

"அதுக்காக? சும்மா உக்காந்திருக்கிறதா?"

"யாரு உக்காந்தா? அந்தப் பெரிய கத்தியை எடு."

அவள் ஒரு வாழையைத் தேர்ந்தெடுத்தாள். நடுத்தர வயது, தார் விடாதது. துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, இடுப்பு உயரத்தில் ஒரே வெட்டு. வாழையின் தண்டு தண்டே அல்ல. ஒன்றையொன்று சுற்றிக்கொண்ட இலையடிகள். வெட்டிய முகம் வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கியதுபோல வளையம் வளையமாகத் தெரிந்தது. வெளி வளையங்கள் இரண்டில் பழுப்பு ஏறியிருந்தது. உள்ளே எல்லாம் வெள்ளை. நடுவில் சுண்டுவிரல் பருமனில் சுருண்டு கிடந்த குருத்து பால்போல இருந்தது. அவள் குனிந்து அதை முகர்ந்து பார்த்தாள்.

"உள்ள போகல," என்றாள்.

"எப்படிம்மா தெரியும்? வேர் வரைக்கும் போற மருந்தா இருந்தா?"

"அது வேற. அது அடிச்சா பத்து நாள் மெல்ல மெல்ல மஞ்சளாகி சாவும். இது மூணு மணி நேரத்துல வெந்திருக்கு. தொட்ட எடத்தை மட்டும் சுடுற மருந்து. அதையும் உச்சி வெயில்ல அடிச்சிருக்கான் மடையன். வெயில்ல அடிச்சா மேல்தோல் உடனே வெந்துரும். செத்த தோலுக்குள்ள மருந்து நகராது. அங்கயே நின்னுரும்."

"அப்ப எப்ப அடிக்கணும்?"

சீதாலெட்சுமி மகளைப் பார்த்தாள். "உனக்கெதுக்கு அது?" என்றாள்.

வெட்டிய முகத்தை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நின்ற நேரத்திலேயே நடுக்குருத்து மற்ற வளையங்களை விட்டு ஒரு நெல்மணி உயரம் மேலே வந்திருந்தது. அரை மணியில் அரை விரல். மருந்து எரிக்க அதற்குள் பச்சையே இல்லை. வெளிச்சத்தைப் பார்க்காத அணுக்களில் பச்சைமணிகள் இன்னும் உருவாகவில்லை. குருடாக இருந்ததால் பிழைத்தது.

மலர்விழிக்கு ஒரு கணக்குத் தோன்றியது. "அம்மா, எலையே இல்லாம இது எதை வச்சி வளரும்? சோறு ஆக்குற செல்லெல்லாம் செத்துப்போச்சில்ல?"

"கெழங்குல இருக்கும். செத்த எலைங்க ஆக்கிப் போட்டது. ஆனா அதிகம் தாங்காது. நாலு எலை, அஞ்சி எலை விடுற வரைக்கும். அதுக்குள்ள புது எலை சோறு ஆக்க ஆரம்பிக்கணும். இல்லேன்னா கெழங்கு அழுகிரும்."

இதனால்தான் இலைக்காரர்கள் ஒரே வாழையில் எல்லா இலையையும் அறுப்பதில்லை. சீதாலெட்சுமி எப்போதும் ஆறு இலையை விட்டுவிட்டுத்தான் மிச்சத்தில் கைவைப்பாள். கல்யாண நாளில் சபாபதி எவ்வளவு கெஞ்சினாலும் ஆறுக்குக் கீழே அவள் கத்தி இறங்கியதில்லை. இப்போது எதுவும் மிச்சம் வைக்காமல் முந்நூற்று ஒன்பதையும் இடுப்போடு வெட்ட வேண்டியிருந்தது. பாதி வெந்த இலைகளில் இன்னும் உயிரோடிருந்த பச்சையையும் சேர்த்து வெட்ட வேண்டும். அதை விட்டுவைத்தால் அதிகாரியின் கண்ணுக்குச் சாவு மட்டுமே தெரியும். வெட்டினால் கிழங்கைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. அவள் நெடுநேரம் யோசித்ததாகத் தெரியவில்லை.

செவ்வாய் மாலையும் புதன் முழுவதும் வெட்டினாள். பார்த்தவர்களுக்கு அது விவசாயமாகத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு வெட்டுக்கும் சாறு பீய்ச்சியடித்து அவள் மேல் கறுப்பாகக் காய்ந்தது. தண்டுகள் பொத்தென்று விழும் சத்தம் சாலைவரை கேட்டது. மடங்காத இரண்டு விரல்களும் பிடியில் உரசி உரசித் தோல் கிழிந்தன. பத்து வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த வாழைகளைச் சன்னதம் வந்தவள்போல வெட்டிச் சாய்த்தாள். இடையிடையே திட்டிக்கொண்டாள். யாரைத் திட்டுகிறாள் என்று மலர்விழிக்கு விளங்கவில்லை. ஓர் இடத்தில் அது நிச்சயமாகச் சுகுமாறன் அல்ல. "அடிச்சேல்ல, நல்லா அடிச்சேல்ல," என்று பல்லைக் கடித்துச் சொல்லிக்கொண்டே வெட்டினாள்.

வியாழன் மாலை ஒவ்வொரு அடித்தண்டின் நடுவிலும் ஒரு சாண் உயரத்துக்குக் குருத்து ஈட்டிபோல நின்றது. அடிப்பக்கம் வெள்ளை, மேலே மஞ்சள், நுனியில் வெயில் பட்ட இடம் மட்டும் இளம்பச்சை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சுகுமாறன் வந்தான். தோட்டம் எப்படிச் செத்திருக்கிறது என்று அதிகாரி வரும் முன் ஒருமுறை பார்த்துவிட வந்தவன், லோரியிலிருந்து இறங்கியதும் முந்நூறு குருத்துகளைப் பார்த்தான். திரும்பிப் போய் இருக்கைக்குப் பின்னாலிருந்து பாராங் கத்தியை எடுத்தான்.

முதல் வரிசையை அவன் குருத்தும் தண்டுமாகச் சீவிக்கொண்டே போனான். ஒவ்வொரு வெட்டுக்கும் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முப்பது தண்டு போயிருக்கும். சீதாலெட்சுமி மறுகோடியில் சருகைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இலை அறுக்கும் கத்திக்கழியோடு ஓடிவந்தாள், நீண்ட மூங்கிலில் வளைந்த கத்தி கட்டியது.

"டேய் சுகு! நிறுத்துடா!"

"போ அண்ணி. கை கால் போயிரும்."

"வெட்டு பாப்போம். என்னைத் தாண்டி வெட்டு."

அவன் இடது கையால் அவள் முகத்தில் அறைந்தான். அவள் தண்டின் மேல் விழுந்தாள். எழுந்தபோது வாயில் ரத்தம், முன்பல் ஒன்று பாதியாக இருந்தது. அவன் திரும்பி அடுத்த தண்டுக்குப் பாராங்கை ஓங்கினான். இலையை அறுப்பது போலவே அவள் கழியை நீட்டி, வளைவை அவன் முழங்கைக்குக் கீழே மாட்டி, தன் பக்கம் இழுத்தாள்.

பாராங் விழுந்தது. கை வாழைத்தண்டு போலத் திறந்துகொண்டது. மலர்விழி கத்தினாள். அவன் காயத்தைப் பொத்திக்கொண்டு மண்டியிட்டான், விரல்களுக்கு இடையே ரத்தம் குபுகுபுவென்று வந்து வெட்டிய தண்டின் சாற்றோடு கலந்தது. அவள் கழியை இன்னும் நீட்டியபடியே நின்றாள். கத்தி முனை அவன் கழுத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் இருந்தது. அந்த நேரத்தில் அவள் அதை இழுத்திருக்கக்கூடும். பிறகு மகளிடம் அவளே ஒப்புக்கொண்டாள்.

"எப்படி வந்துச்சி?" அவன் கத்தினான். "எல்லாம் வெந்துபோச்சில்ல? நான் பாத்தேன். எங்கம்மா தோட்டம் திரும்ப வரவே இல்லியே. உன்னுது மட்டும் எப்படி வந்துச்சி?"

"நீ வெயில்ல அடிச்ச."

"நீயும் அதே மருந்துதான அடிச்ச!"

"நான் வெயில்ல அடிக்கல." அவள் ரத்தத்தைத் துப்பினாள். "மேகம் போட்ட நாளா பாத்து, சாயந்திரம் அஞ்சி மணிக்கு மேல அடிச்சேன். வெளிச்சம் இல்லாட்டி மருந்து ராத்திரி பூரா உள்ள எறங்கும். விடிஞ்சி வெயில் வந்ததும் உள்ளேருந்தே சுடும். கணு, குருத்து, ஒண்ணும் மிஞ்சாது. அதான் உங்கம்மா வெட்டி வெட்டிப் பாத்தும் துளிர்க்கல."

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "மண்டோர் சொன்னான், நீ அடிச்ச. அப்படித்தான நெனச்சிக்கிட்டிருக்கேன் இவ்வளவு நாளா."

"மண்டோர் அன்னிக்குக் காலையிலேயே அடிக்கச் சொன்னான். நான்தான் மேகம் போடட்டும், சாயந்திரம் அடிக்கிறேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"தெரிஞ்ச வேலை. ஒழுங்கா செஞ்சேன்."

மலர்விழி தன் துப்பட்டாவைக் கிழித்து அவன் கையைக் கட்டினாள். அவன் தடுக்கவில்லை. காயத்தை அவன் பார்க்கக்கூட இல்லை.

ஒரு மனிதன் மூர்க்கத்தில் செய்ததை மன்னிக்க வழியிருக்கிறது, பயத்தில் செய்ததற்கும் வழியிருக்கிறது. நேர்த்தியாகச் செய்ததற்கு வழி தேடுவது கடினம். சீதாலெட்சுமி அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னாள் என்பதற்காக அவளை மெச்சுவதற்கும் இல்லை, அந்த உண்மையைக் கத்தியை நீட்டிய அதே வேகத்தில்தான் நீட்டினாள்.

மலர்விழி சித்தப்பாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோகக் காரை எடுத்தாள். அவன் ஏறவில்லை. "ஆபீசர் வரட்டும்," என்று சாலையோரத்தில் உட்கார்ந்தான். பத்தரை மணிக்கு நில அலுவலக அதிகாரி வந்தார், இளைஞர், புதுக் காலணி. மண்ணில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினார். போலீஸை அழைத்தார். அழைத்துவிட்டுப் போலீஸ் வரும்வரை தன் வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

வாழை உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று அவர் மலாய் மொழியில் கேட்டார். செத்துவிட்டது, வெறும் கட்டைதான் என்று சுகுமாறன் உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னான். அதிகாரி தூரத்து வரிசைகளின் குருத்துகளைப் பார்த்தார். அவை நட்டுவைத்த குச்சிகளாகக்கூட இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவர் குனிந்து பார்த்தது பக்கத்தில் இருந்த முதல் வரிசையைத்தான், சுகுமாறன் இரண்டரை மணி நேரத்துக்கு முன் சீவித் தள்ளிய முப்பது தண்டுகள். வெட்டுமுகம் இன்னும் காயவில்லை. அதன் நடுவிலிருந்து, ஒவ்வொன்றிலும், வெள்ளைக் குருத்து இரண்டு விரற்கடை உயரத்துக்கு எழும்பியிருந்தது. சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படம் பிடித்தார். அடுத்த தண்டு. அதற்கு அடுத்தது. எல்லாவற்றிலும் அதே உயரம்.

"ஹிடுப்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உயிரோடிருக்கிறது. தாளில் எழுதினார்.

சுகுமாறன் தான் வெட்டிய தண்டுகளையும் அவற்றின் பக்கத்தில் நின்ற பேனாவையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

உரிமம் ஒரு வருடத்துக்கு நீண்டது. இருவர் மேலும் வழக்குப் பதிவானது, அது இன்னும் நடக்கிறது. சுகுமாறனின் வலது கையில் மூன்று விரல்கள் சரியாக மடங்குவதில்லை என்று கேள்வி.

வெட்டுப்பட்ட வாழையிலிருந்து முதலில் வரும் இலைகள் முழுதாக வருவதில்லை. கத்தி இறங்கிய நேரத்தில் அவை தண்டுக்குள் சுருண்டு கிடந்தவை, சுருளோடு சேர்த்து அவையும் வெட்டுப்பட்டிருக்கும். விரிந்தபோது முந்நூற்றுப் பத்திலும் நுனியில்லாத, சதுரமாகக் கத்தரித்த இலைகள் வந்தன. அப்படியும் அவை பச்சையாகின, அப்படியும் சோறு ஆக்கின. கிழங்கு அழுகிய வாழை பதினேழு. மற்றவற்றில் ஐந்தாவது இலையோ ஆறாவது இலையோ நுனியோடு வந்தது.

சபாபதி அழைத்தார். "அக்கா, நுனி எலை வந்துருச்சாமே? மலர் சொன்னா. ஒரு நிச்சயதார்த்தம் இருக்கு. அம்பது போதும்."

"வந்துருச்சி. வெட்ட மாட்டேன்."

"அம்பது லா!"

"நுனி இல்லாதது அஞ்சி, நுனி உள்ளது ஒண்ணு. ஆறுதான் இருக்கு. ஏழாவது வரட்டும்."

ஏழாவது இலை வருவதற்குப் பத்து நாள் பிடிக்கும். அந்தப் பத்து நாளும் நவம்பரில் விழுந்தன. டெங்கில் பக்கம் நவம்பரில் மூன்று மணிக்கே மேகம் மூடிக்கொள்ளும். எப்போது அடிக்க வேண்டும் என்பது இப்போது சுகுமாறனுக்கும் தெரியும், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். வானம் இருண்டதும் சீதாலெட்சுமி வேனைத் தோட்டத்து வாசலுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு, கத்திக்கழியை மடியில் கிடத்திக்கொண்டு, முதல் வரிசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறாள். சில நாட்களில் ஒரு லோரி சாலையில் வேகம் குறைத்துப் போகிறது. ஓட்டுகிறவன் அவளைப் பார்ப்பதில்லை, அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறான். லோரி போன பிறகும் அவள் எழுவதில்லை.